பன்னிரண்டாம் தீர்மானமும் வெர்னா கிட்ரெட்ஜின் மலையும்

லவெட் ஊராட்சிக் குழுவின் மூன்று உறுப்பினர்களுக்கும், இதைப் படிக்கவிருக்கும் ஊர் மக்களுக்கும்.

குற்றச்சாட்டு: 2006ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19ஆம் தேதி, திங்கட்கிழமை மாலைக் கூட்டத்தில், ஃபாஸ்டர் குன்றுச் சாலையில் குடியிருக்கும் திருமதி வெர்னா கிட்ரெட்ஜின் வரிக் குறைப்பு மனுவை ஊராட்சிக் குழு நிராகரித்தது. வீட்டுக்காரர்கள் சொத்து வரி செலுத்த வேண்டும் என்று மனுதாரரே மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் வாக்களித்துள்ளார் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்த வாக்கு எதற்காக அளிக்கப்பட்டது என்று அளித்தவருக்கே தெளிவாகத் தெரியாத நிலையில், அதையே சான்றாகக் கொண்டு அவர் வீட்டை விற்கும் கட்டாயத்துக்கு அவரைத் தள்ளியது முறையல்ல என்று குற்றம் சாட்டுகிறேன்.

இதே குழு, மே மாதத்தில், அடுத்த ஆண்டறிக்கையை வெர்னாவுக்குக் காணிக்கையாக்குவதென முடிவுசெய்து, அதன் முதல் பக்கத்துக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி என்னைக் கேட்டது. கேட்ட கடிதத்தில் மூன்று கையொப்பங்கள் உள்ளன. மனுவை நிராகரித்த கடிதத்திலும் அதே மூன்று கையொப்பங்கள்தான். இரண்டையும் ஒரே உறையில் வைத்திருக்கிறேன். எழுதுவதாக ஒப்புக்கொண்டதை எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு கடிதத்தை மறந்துவிட்டு மற்றதற்கு மட்டும் பதில் எழுத எனக்குத் தெரியவில்லை.

வெர்னா இந்த ஊரில், ஆற்றங்கரைப் பால் பண்ணையில் பிறந்தார். மரம் வெட்டும் தொழிலில் இருந்த ஆல்டன் கிட்ரெட்ஜை மணந்தார். குன்றின் மேல், அடர்ந்த பைன் மரங்களுக்கு நடுவே, ஆல்டன் தானே அறுத்த பலகைகளைக் கொண்டு ஒரு வீடு கட்டினார். முன்வாசல் தாழ்வாரம் அன்றைக்கே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இன்றும் சாய்ந்தே இருக்கிறது. எந்த ஜன்னலில் நின்று பார்த்தாலும் பைன் மரங்கள்தான் தெரியும். அதனால் எவருக்கும் குறையொன்றும் இருக்கவில்லை. வேலை முடிந்து வந்தபின் தனக்கு மரம் பார்க்கத்தான் பிடிக்கும், நின்றுகொண்டிருக்கும் மரம் என்றால் இன்னும் பிடிக்கும் என்பார் ஆல்டன்.

ஒரு குளிர்காலத்தில் பள்ளிப் பேருந்தை ஓட்டிவந்தவர் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஒரு வாரத்துக்கு மட்டும் என்று சொல்லி வெர்னா ஓட்ட வந்தார். முப்பத்தொரு ஆண்டுகள் ஓட்டினார். பிள்ளைகள் அவரை மிஸஸ் கே என்றார்கள். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. பின்னால் கலாட்டா முற்றினால் வண்டியைச் சாலையோரம் நிறுத்துவார், வெப்பமூட்டியை அணைப்பார், கையுறையை மாட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். சிறிது நேரத்தில் குளிர் பின்னிருக்கை வரை போய்ச் சேரும். பிறகு வண்டி கிளம்பும். இன்றைய ஊராட்சிக் குழுத் தலைவர் ராய்ஸ் லாம்சன் நான்காம் வகுப்பில் படித்தபோது அடுத்தவனுடைய பூட்ஸை ஜன்னல் வழியாக எறிந்தார். வெர்னா வண்டியை நிறுத்தி, அவருடன் பனியில் நடந்துபோய், அதை எடுத்துவரச் செய்தார். இதை ராய்ஸே பல மேடைகளில் சிரித்தபடி சொல்லியிருக்கிறார். அவரைத் தாழ்த்துவதற்காக நான் இதை எழுதவில்லை. ஆல்டன் இறந்த பிறகு வெர்னாவின் வீட்டு வழியில் விழும் பனியை ஒவ்வொரு குளிர்காலத்திலும் கூலி வாங்காமல் தள்ளிக் கொடுப்பவரும் அவரே. இந்த விவகாரத்தில் கெட்டவர் ஒருவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் இதை எழுதுவதிலுள்ள சிரமம்.

1998 ஜனவரியில் பனிக்கட்டிப் புயல் வந்தது. மரங்கள் முறிந்த ஓசை விடியும் வரை துப்பாக்கிச் சூடுபோலக் கேட்டது. காலையில் வெர்னாவின் வீட்டைச் சுற்றி ஒரு பைன் மரமும் நிமிர்ந்து நிற்கவில்லை. வடக்கே மலைத்தொடர் முழுவதும் வெட்டவெளியாகத் தெரிந்தது. அதே சாலையில் குடியிருக்கும் நான், வழியிலிருந்த கிளைகளை அறுத்துக்கொண்டு மேலே போனபோது, அவர் சமையலறை வாசலில் கோட்டுடன் நின்றிருந்தார். யாரோ கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனதுபோல் இருக்கிறது என்றார். அந்த வாரமே வடக்கு ஜன்னலுக்குத் தடித்த திரை தைத்துப் போட்டார். குளிர்காற்றைத் தடுக்க என்று சொன்னார். அவருடைய நாற்காலி அன்றும் இன்றும் சாலைப் பக்கமே திரும்பியிருக்கிறது. பள்ளிப் பேருந்து நேரத்துக்குப் போகிறதா என்று பார்த்தால்தான் அவருக்குக் காப்பி இறங்கும்.

2005இல் ஊரிலுள்ள எல்லாச் சொத்துக்களையும் மறுமதிப்பீடு செய்தார்கள். வெளியூர் நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் வெர்னாவின் முற்றத்தில் நின்று வடக்கே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வெர்னா அவருக்குக் காப்பியும் டோனட்டும் கொடுத்தார். அதிர்ஷ்டசாலி என்று அவர் வெர்னாவைப் புகழ்ந்தார். அந்த மலை தன்னுடையதில்லை, அது பாட்டுக்கு அங்கே இருக்கிறது என்று வெர்னா பதில் சொன்னார். மதிப்பீட்டு அட்டையில் அந்த இளைஞர் 'மலைக்காட்சி: சிறப்பு' என்று குறித்துக்கொண்டு போனார். நவம்பரில் வந்த வரிச் சீட்டு முந்தைய ஆண்டைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. வீட்டில் எதுவும் மாறவில்லை. மரங்கள் விழுந்தன, அவ்வளவுதான். பேருந்து ஓட்டியவரின் ஓய்வூதியம் அந்தச் சீட்டைத் தாங்காது. மதிப்பீடு குறையாவிட்டால் வீட்டை விற்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

ஊர் நடைமுறைகளை நான் எந்தப் பள்ளியிலும் கற்றதில்லை. நூலகத்திலுள்ள சட்டத் தொகுதிகளைக் குளிர்காலங்களில் படித்துத் தெரிந்துகொண்டேன். வரிக் குறைப்பு மனுவை வெர்னாவுக்காக எழுதிக் கொடுத்தது நான். ஆனால் பன்னிரண்டாம் தீர்மானம் என் யோசனையன்று. அவரே நினைத்தது. தனக்கு மட்டும் சலுகை கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. தான் குடியிருக்கும் வீட்டுக்கு எவரும் வரி கட்ட வேண்டியதில்லை என்று சட்டம் செய்யும்படி மாநிலச் சட்டமன்றத்தை இந்த ஊர் கேட்டுக்கொள்ளட்டும். கேட்டால் எல்லாருக்குமாகக் கேட்போம் என்றார்.

ஊர்க்கூட்டத்தில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவர இருபத்தைந்து வாக்காளர்களின் கையொப்பம் வேண்டும். கையொப்பம் வாங்க எல்லாரும் எங்கே போவார்களோ அங்கேதான் வெர்னாவும் போனார். சனிக்கிழமை காலை, ஊரார் தங்கள் வீட்டுக் குப்பையைத் தாங்களே கொண்டுவந்து போடும் ஊர்க் குப்பைமேட்டில், கண்ணாடிப் புட்டிகள் போடும் தொட்டியருகே நின்றார். சிலர் வண்டியிலிருந்து இறங்கும் முன்பே கையொப்பமிட்டார்கள். சிலர் பிடிவாதமாக வாதாடினார்கள். வரி இல்லையென்றால் பனியில் வழுக்கும் சாலைக்கு யார் மணல் போடுவது என்றார்கள். வருமானத்துக்கும் வரியில்லை, வாங்கும் பொருளுக்கும் வரியில்லை என்று பெருமை பேசும் மாநிலத்தில் வீட்டையும் விட்டுவிட்டால் வேறு எதன் மேல் கை வைப்பது என்றார்கள். குப்பைமேட்டுக் காவலர் நார்ம் டட்டன்தான் மிகவும் கொதித்தார்.

"வரியே வேணாம்னா இந்தக் குப்பைமேட்டை யாரு நடத்துறது, வெர்னா?"

"நீயே நடத்து, நார்ம். உன் பொண்டாட்டி உன்னை வீட்டுக்குள்ள விட்டு எத்தனை நாளாச்சு."

அவரும் சிரித்துவிட்டுக் கையொப்பமிட்டார். ஆனால் தனக்கு இதில் உடன்பாடில்லை என்று கூடவே சொன்னார். உடன்பாடில்லாமல் ஏன் கையொப்பமிட்டார் என்று பின்னொருநாள் கேட்டேன். வெர்னா நீட்டினார், போட்டேன் என்றார்.

மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் ஊர்க்கூட்டம். சாலைகள் சேறாகிவிட்டதால் பாதிப்பேர் கால்களில் ரப்பர் பூட்ஸ். மதியம் தேவாலயப் பெண்கள் சமைத்த பீன்ஸும் பன்றி இறைச்சியும் பழம் வைத்துச் சுட்ட 'பை' இனிப்பும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் மடக்கு நாற்காலிகளில் சாய்ந்திருந்த நேரத்தில் பன்னிரண்டாம் தீர்மானம் வந்தது. கூட்ட நடுவர் ஹாலிஸ் ஃபெலோஸ் அதைப் படித்தார். வெர்னா எழுந்து, தன் வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், எல்லார் வீடுகளைப் பற்றியும் பேசினார். கைதட்டினார்கள்.

அடுத்து மூன்றாம் வகுப்பு ஆசிரியை கார்லா பெனுவா எழுந்தார். மழலையர் வகுப்பிலிருந்து வெர்னாவின் பேருந்தில் போனவர். விதிப்படி நடுவரைப் பார்த்துப் பேசவேண்டும். அவர் வெர்னாவைப் பார்த்தே பேசினார்.

"மிஸஸ் கே, உங்க வீடு போகணும்னு இங்க ஒருத்தர்கூட நினைக்கல. ஆனா நீங்க ஓட்டின பஸ்ஸுக்கு டீசல் எங்கிருந்து வந்துச்சு? இந்த வீடுங்கள்ல இருந்துதான். அதை நிறுத்தினா நாளைக்கு அந்த பஸ் ஓடாது."

பிறகு வெர்னாவின் வாசகத்துக்குப் பதிலாக ஒரு திருத்தத்தை முன்வைத்தார். முதியவர்கள் வீட்டை இழக்காதபடி மாநிலம் உதவ வேண்டும். வீட்டுக்காரர்கள் ஊர்ப் பள்ளிக்கும் சாலைக்கும் வழக்கம்போல வரி செலுத்துவார்கள். இரக்கமான திருத்தம். வெர்னாவுக்குக் கையொப்பமிட்டவர்களே அதற்கும் தங்கள் வாக்கு அட்டையைத் தூக்கினார்கள். நிறைவேறியது. அப்போது பின்வரிசையில் ஒருவர் எழுந்து, மாநிலத்தின் உதவி இந்த ஊருக்குத் தேவையில்லை, மாநிலம் உதவ வந்தால் வீட்டுக்குள்ளேயே குடிவந்துவிடும் என்றார். முதல் பாதியை நீக்கச் சொல்லித் திருத்தத்துக்குத் திருத்தம் கேட்டார். கூடம் சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாக அதுவும் குரல் வாக்கில் நிறைவேறியது. வெர்னாவின் தீர்மானத்தில் வெர்னாவுடையதாக இருந்தது பன்னிரண்டு என்ற எண் மட்டுமே. எஞ்சிய வாசகம், வீட்டுக்காரர்கள் வழக்கம்போல வரி செலுத்துவார்கள் என்பது.

உடனே யாரோ விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகும்படி முன்மொழிந்தார். அதற்கு ஒரு வாக்கெடுப்பு. அட்டைகள் ஏறின, இறங்கின. இப்போது எதற்காகத் தூக்குகிறோம் என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். பக்கத்திலிருந்தவர், தூக்கு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஹாலிஸ் திருத்தப்பட்ட வாசகத்தை விதிப்படி முழுவதுமாகப் படித்தார். அவர்மேல் குற்றமில்லை. ஆனால் சமையலறையில் பாத்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன. வெர்னாவுக்கு இடது காதில் கேட்பது குறைவு. திருத்தப்பட்டபடி பன்னிரண்டாம் தீர்மானத்தை ஏற்பவர்கள் அட்டையைத் தூக்கலாம் என்றார் ஹாலிஸ்.

வெர்னா தூக்கினார். கையை முழுவதும் நீட்டி, தயக்கமில்லாமல் தூக்கினார். அவருக்குக் கையொப்பமிட்ட பலரும் அவரைப் பார்த்துத் தூக்கினார்கள். இரண்டு வரிசை பின்னால் இருந்த நான், எதிர்ப்பவர்கள் தூக்கும்போது தூக்கினேன். வெர்னா திரும்பி என்னைப் பார்த்தார். நான் தன்னைக் கைவிட்டதாக அந்த முகம் சொன்னது. வாக்கெடுப்பின் நடுவே பேசக் கூடாது. என்னால் தலையை ஆட்ட மட்டுமே முடிந்தது. எதற்கு ஆட்டினேன் என்று அவருக்கு எப்படிப் புரியும்?

இரண்டு அட்டை வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. வெர்னாவின் ஓர் அட்டை இந்தப் பக்கம் வந்திருந்தால் சமநிலை, சமநிலையென்றால் தோல்வி. நான் எழுவதற்குள் இதை மறுபரிசீலனை செய்யத் தடை கோரி இன்னொரு முன்மொழிவு வந்து நிறைவேறிவிட்டது. அதன்பின் அன்று அதைத் திறக்க வழியில்லை. பதின்மூன்றாம் தீர்மானத்தில் மணல் லாரிக்குப் போனார்கள்.

வெர்னாவை என் வண்டியில் அழைத்துப்போனேன். குன்றுச் சாலையில் திரும்பும்போது நான் வாசகத்தை எடுத்துச் சொன்னேன். அவர் வெளியே பார்த்தபடி கேட்டார்.

"பன்னிரண்டுன்னாங்க, எல்வுட். என்னோடது பன்னிரண்டு. என்னோடதுக்கு நானே எதிரா தூக்குவேனா?"

அத்துடன் விடை கிடைத்துவிட்டது என்று எண்ணினேன். ஆனால் தாழ்வாரத்துப் படியில் நின்று, கார்லா சொன்னதும் சரிதானே, பேருந்து ஓடவேண்டுமே என்றார். அடுத்த வாரம் தபால் நிலையத்தில், தனக்கு எல்லாம் காதில் விழுந்தது என்றார். தெரிந்தேதான் தூக்கினீர்களா என்று கேட்டேன்.

"கேட்டுட்டுதான் இருந்தேன். கார்லா பேசுறப்ப அவ அஞ்சு வயசுல படியேறி வந்தது ஞாபகம் வந்துச்சு. அப்புறம் கை மேல இருந்துச்சு. நடுவுல என்ன நினைச்சேன்னு கேட்டா, சத்தியமா தெரியல."

இவற்றில் எது உண்மை என்று நான் தீர்மானிக்க முயன்றேன், முடியவில்லை. மூன்றையும் உண்மையென்று எண்ணியே அவர் சொன்னார் என்று நம்புகிறேன். தனக்கே விளங்காத ஒன்றை மூன்று விதமாகச் சொன்னதற்காக அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. வீட்டுக்காரர் வரி கட்டவேண்டுமா வேண்டாமா என்று என்னைக் கேட்டால், இந்த ஆண்டுக்கு முன்பு சட்டென்று பதில் சொல்லியிருப்பேன். இன்று பேருந்தையும் நினைக்கிறேன், அந்த நாற்காலியையும் நினைக்கிறேன்.

ஜூன் 19 மாலை மனு விசாரணைக்கு வந்தது. வெர்னா தேவாலயத்துக்கு உடுத்தும் உடையில் வந்திருந்தார். பக்கத்தில் நான் மதிப்பீட்டு அட்டையின் நகல்களோடு உட்கார்ந்திருந்தேன். நகல்களை யாரும் கேட்கவில்லை. ராய்ஸ் நெடுநேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்துவிட்டுத் தொடங்கினார். நடந்ததை அன்றிரவே எழுதிவைத்தேன். தவறிருந்தால் குழு திருத்தலாம்.

"மிஸஸ் கே, மார்ச்ல நீங்களே கை தூக்கினீங்க. நான் பார்த்தேன்."

"தூக்கினேன்."

"வீட்டுக்காரங்க வரி கட்டணும்னுதானே அந்தத் தீர்மானம்?"

"பஸ்ஸுக்குன்னா கட்டலாம். மலைக்கு எப்படி?"

"மலைக்கு இல்ல மிஸஸ் கே. மலை தெரியுதில்ல, அதுக்கு."

"நான் அந்தப் பக்கம் பார்க்கறதே இல்லையே, ராய்ஸ்."

"நீங்க பார்க்கலேன்னாலும் வாங்க வர்றவங்க பார்ப்பாங்க."

"நான் விக்கலையே."

குழுவின் இன்னோர் உறுப்பினர் சிரித்தார். கேலியாகச் சிரித்ததாக நான் நினைக்கவில்லை. வேறென்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தார். ராய்ஸ் சிரிக்கவில்லை. மற்றவர்களுக்கு இல்லாத சலுகையை ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் ஊர் கேட்கும் என்றார். அதிலும் ஊரே ஒரு தீர்மானம் போட்டிருக்கிறது, அதற்கு மனுதாரரும் வாக்களித்திருக்கிறார் என்றார். மூவரும் நிராகரித்தார்கள். வெர்னா நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் ராய்ஸின் தாயாருக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

இதற்கு மேல் மாநிலத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம் என்று வெர்னாவிடம் சொன்னேன். படிவத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் ஊர்மேல் வழக்குப் போடுகிற ஆள் தானில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனவே அவருக்கு எஞ்சியிருப்பது இந்தக் குழு ஒன்றுதான்.

ஜூலை இறுதியில் வீட்டை வாங்குவது பற்றிப் பேச மாசசூசெட்ஸிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று நெடுநேரம் வடக்கே பார்த்தார்கள். வெர்னா அவர்களுக்கும் காப்பி கொடுத்தார். வீட்டை இடித்துவிட்டுப் பெரிய ஜன்னல்களுடன் வேறு கட்டப்போவதாக நேர்மையாகவே சொன்னார்கள். வெர்னா அவர்களிடம் இன்னும் பதில் சொல்லவில்லை. குழு மறுபடி என்ன சொல்கிறதென்று கேட்டுவிட்டுச் சொல்வதாக நிறுத்திவைத்திருக்கிறார். இலையுதிர் காலத் தொடக்கம் வரை காத்திருப்பதாக அவர்கள் கூறியிருக்கிறார்கள்.

குழுவின் முன் நான் வைப்பது இதுதான். வெர்னா அட்டையைத் தூக்கியது குழப்பத்தில் என்றால், குழப்பத்தில் தூக்கிய கையை அவருக்கெதிரான சான்றாக வைக்க முடியாது. தெளிவோடு தூக்கினார் என்றால், தன் வீட்டுக்காகத் தன் பங்கைச் செலுத்த அவர் சம்மதித்தார் என்று பொருள். செலுத்த மறுக்கிற ஒருவராக அவரை நடத்த முடியாது. அந்த வாசகத்தில் இருந்த சொல் 'வழக்கம்போல' என்பது. புயல் திறந்துவிட்ட காட்சிக்கு இந்த ஊரில் எவரும் வழக்கமாக வரி செலுத்தியதில்லை. இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் குழு சொன்ன காரணம் நிற்கவில்லை. வேறு காரணம் இருக்கலாம். இருந்தால் அது எங்களுக்குச் சொல்லப்படவில்லை.

ஆகவே, 2006 ஜூன் 19ஆம் தேதிய முடிவைக் குழு திரும்பப் பெறுகிறதா இல்லையா என்பதையும், இல்லையெனில் மார்ச் மாத வாக்கைத் தவிர்த்து அம்முடிவுக்கு வேறென்ன அடிப்படை உண்டு என்பதையும், ஆண்டறிக்கையில் யாரைக் கௌரவிக்க விரும்புகிறதோ அவர் அந்த அறிக்கை அச்சாகும் நாளில் இந்த ஊரில் குடியிருப்பாரா என்று குழு எண்ணிப்பார்த்ததா என்பதையும், மூன்று உறுப்பினர்களும் கையொப்பமிட்டு, செப்டம்பர் முதல் திங்கட்கிழமைக்கு முன்பாக, திருமதி கிட்ரெட்ஜின் முகவரிக்கு எழுத்து மூலம் பதில் அனுப்பும்படி கோருகிறேன்.

எல்வுட் சார்ஜென்ட்
ஃபாஸ்டர் குன்றுச் சாலை, லவெட், நியூ ஹாம்ப்ஷயர்
2006 ஆகஸ்ட் 7